மேன்டிஸ் இறால் சாப்பிடவில்லையா, வெளியே வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வளையில் ஒளிந்திருந்து வேட்டையாடும் ஓட்டுடலியான மேன்டிஸ் இறாலைக் கடல்தொட்டியில் வளர்ப்பவர்களின் புகார் பெரும்பாலும் "சாப்பிட மாட்டேங்குது" என்றுதான் ஆரம்பிக்கும். உடனே தீனியை மாற்றிப் பார்ப்பார்கள். இறால் போட்டவர் நண்டு போடுவார், நண்டு போட்டவர் நத்தை தேடி அலைவார். தொட்டிக்குள் அழுகல் சேருமே தவிர பிரச்சினை தீராது. நான் பார்த்தவரை தீனியில் கோளாறு இருப்பது அபூர்வம். வளை சரியாக அமைந்திருக்காது, தண்ணீர் சூடாகியிருக்கும், உப்பு ஏறியிருக்கும், இல்லையென்றால் ஓடு உரிக்கும் நேரம் வந்திருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம் வளை, கடைசியாகத்தான் தீனி என்ற வரிசையிலேயே போகிறேன்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டு படியுங்கள். முன்கால் மூட்டு தடித்துக் கெட்டியாக இருந்தால் அது அடிக்கும் வகை. சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் பீகாக் மேன்டிஸ் என்று சொல்லி விற்பது இதைத்தான். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த உடம்பு, 18 செ.மீ. வரை வளரும். முன்காலில் வரிசையாக முட்கள் இருந்தால் அது குத்தும் வகை. மணலிலோ சேற்றிலோ புதைந்து காத்திருந்து மீனையும் இறாலையும் பிடிக்கும். அடிக்கும் வகைக்கு வேண்டியது பாறையும் குழாயும். குத்தும் வகைக்கு ஆழமான மணல். இதை மாற்றிச் செய்தால் எதுவும் சரிவராது.

இரண்டு வகைக்கும் ஒரே எச்சரிக்கை: தொட்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். 2004-ல் ஷீலா படேக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட அளவீட்டின்படி பீகாக் மேன்டிஸின் அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகிறது. அடி விழும் இடத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி உடைவதால் இன்னொரு தாக்குதலும் சேர்ந்துகொள்கிறது. குத்தும் வகை விரலைக் கிழித்துவிடும். தீனி கொடுக்க, கல்லை நகர்த்த, எல்லாவற்றுக்கும் நீளமான இடுக்கிதான்.

முதலில் அளந்துவிடுங்கள்

அறிகுறி எதுவானாலும் சரி, இந்த அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு மேலே போங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி. உப்பு, லிட்டருக்கு 35 கிராம் அளவில், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.023-க்கும் 1.026-க்கும் இடையில் காட்ட வேண்டும். கழிவிலிருந்து உண்டாகும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு). பிஹெச் 8.1 முதல் 8.4.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். சூட்டைக் குறைக்க தொட்டி மேல் ஃபேன் வைக்கிறோம். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 200 லிட்டர் தொட்டியில் தினம் மூன்றரை லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஊற்றாமல் விட்டால் 24 லிட்டர் போயிருக்கும், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு கிட்டத்தட்ட 40 ஆகியிருக்கும். குறைந்த அளவை நிரப்ப உப்புத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். குறைந்ததை தினமும் ஆர்ஓ நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் போதும், யார் வீட்டில் இருந்தாலும் ஊற்றிவிடலாம். வீட்டு ஆர்ஓ மெஷினில் ருசிக்காக, சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு இருக்கும். அதை மூடிவிட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் பேனாவில் எண் ஒற்றை இலக்கத்துக்குப் பக்கமாக வருகிறதா என்று பாருங்கள். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வேண்டாம். சமையல் உப்பு, கல் உப்பு எதுவும் கடல்தொட்டிக்கு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்த அக்வேரியம் உப்புதான் வேண்டும். மெரினாவிலிருந்து குடத்தில் கடல் தண்ணீர் எடுத்து வருவதையும் விட்டுவிடுங்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. மழைக்காலத்தில் உப்பும் ஒரே நிலையில் இருக்காது.

வளை வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறது

பயத்தை அதிகம் கிளப்புவது இது, ஆனால் பெரும்பாலும் நல்ல செய்தி. ஓடு உரிக்கப் போகிறது. அதற்கு முன்னால் சில நாள் தீனி குறையும், பிறகு அடியோடு நிற்கும். கூழாங்கல், ஓட்டுத் துண்டு, மணல் என்று கிடைத்ததை எல்லாம் இழுத்து வந்து வாசலை அடைக்கும். உள்ளே பழைய ஓட்டைக் கழற்றும். புது ஓடு கெட்டிப்படும் வரை அதனால் அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்த நாட்களில் ஒரு சின்ன நண்டு கூட அதைத் தின்றுவிடும். அடைத்த கதவு அதற்கு உயிர்க்கவசம்.

கடைக்கார அண்ணன் ஒருவரிடம் புதிதாக வளர்க்கும் பையன் பதறிப்போய்க் கேட்டது நினைவிருக்கிறது. "அண்ணே, ஒரு வாரமா சாப்பிடல, செத்துருச்சோன்னு பயமா இருக்கு. குழாயை எடுத்துப் பாக்கட்டா?" "கதவை அடைச்சிருக்கா தம்பி? அடைச்சிருந்தா கை வைக்காத. உயிரோட இருந்தாத்தான் கதவை அடைக்கும்." இதைவிடத் தெளிவாக நானும் சொல்ல மாட்டேன்.

செய்ய வேண்டியது: கதவைத் தொடாதீர்கள். குழாயை அசைக்காதீர்கள். டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். மிச்சம் கிடக்கும் தீனியை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். உயிருள்ள நண்டு தொட்டியில் திரிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதாக இருந்தால் கொஞ்சமாக, புதுத் தண்ணீரின் வெப்பமும் உப்பும் பழையதோடு ஒத்துப்போகும்படி. சின்ன மேன்டிஸ் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும், பெரியது பல மாதம் எடுத்துக்கொள்ளும். கதவு மூடியிருக்கும் காலமும் அதற்கேற்ப சில நாளிலிருந்து இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் போகும்.

உரித்த ஓட்டை அது வெளியே தள்ளினால் பிணம் என்று நினைத்து அழுதவர்கள் உண்டு. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓடு என்றால் உள்ளே காலியாக, கண்ணாடி போல ஒளி புகும்படி இருக்கும். கண் இருந்த இடத்தில் வெறும் மூடி மட்டும் நிற்கும், முதுகுப் பக்கம் பிளந்திருக்கும், நாற்றம் இருக்காது. பிணம் கனமாக இருக்கும், சீக்கிரமே நாறும், நிறம் ரோஸாகவோ வெளிறியோ மாறும். ஓட்டை உள்ளேயே வைத்துத் தின்றுவிடவும் செய்யும். அதனால் ஓடு கிடைக்கவில்லை என்பதற்காகக் கவலை வேண்டாம்.

கதவு திறந்த பிறகும் உடனே நண்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் தீனி உரித்த இறால் துண்டாக இருக்கட்டும். அடிக்க வேண்டிய தீனியைக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

கதவு அடைக்காமலே, உரிக்கும் நடுவில் பாதி ஓடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? இழுத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். இழுத்தால் அடியில் இருக்கும் மென்மையான கால் சேர்ந்து வந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டிவிட்டு, அப்படியே விடுங்கள்.

வாசல் திறந்திருக்கிறது, ஆனால் வெளியே வருவதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். மேன்டிஸுக்கு அது அப்படியே பொருந்தும். தன் வளையில் நம்பிக்கை வராத மேன்டிஸ் சாப்பிடாது. கல்லுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கிடக்கும், அல்லது தொட்டியின் நாலு மூலையும் சுற்றும், அல்லது ராத்திரி முழுக்கக் கல்லை நகர்த்திக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தது என்றால் ஒரு வாரம் இப்படி இருப்பது சகஜம். அதற்கு மேல் போனால் வளையை நாம்தான் அமைத்துத் தர வேண்டும்.

அடிக்கும் வகைக்கு பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயே போதும். குழாயின் நீளம் அதன் உடம்பைப் போல குறைந்தது இரண்டு மடங்கு. அகலம், உள்ளே குட்டிக்கரணம் போட்டுத் திரும்புகிற அளவு இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். 12 முதல் 15 செ.மீ. பீகாக்குக்கு 2 இஞ்சு குழாய் பொதுவாகச் சரியாக வரும். இரண்டு பக்கமும் எல்போ போட்டு வாயை மேலே திருப்பி, குழாய் முழுவதையும் மணலுக்கும் கல்லுக்கும் அடியில் புதைத்துவிடுங்கள். நடுப்பகுதி கும்மிருட்டாக இருக்க வேண்டும். பிவிசி பசை போடாமல் அழுத்திச் சொருகினாலே நிற்கும். குழாயின் உள்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுங்கள், கால் பிடிக்கும்.

ஒரு வாயை முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்து வையுங்கள், ஆனால் கண்ணாடியோடு ஒட்டாமல். சாயங்காலம் விளக்கு மங்கியதும் அந்த வாயில் இரண்டு கண்கள் வந்து நிற்கும். காம்பு மேல் உட்கார்ந்த கண்கள், ஒன்று இடப்பக்கம் சுழலும்போது மற்றது மேலே பார்க்கும், தன் அச்சிலேயே உருளும். நீங்கள் விரலை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து விரலைத் தொடரும். இப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் வளை அதற்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சாப்பாடு தானாக வரும்.

கதவு செய்யத் தேவையான சாமானும் தொட்டியில் இருக்க வேண்டும். வீட்டில் மட்டி சமைத்தால் ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய், மசாலா படுவதற்கு முன் எடுத்த ஓட்டை நன்றாகக் கொதிக்கவைத்து, தேய்த்துக் கழுவி, சின்னதும் பெரிதுமாக உடைத்துப் போடுங்கள். கடற்கரையிலிருந்தோ ராமேஸ்வரம் பக்கமிருந்தோ பவளப்பாறைத் துண்டுகளை எடுத்து வரும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மன்னார் வளைகுடாவில் பாறைகள் ஏற்கெனவே படும் பாட்டைப் பார்த்த யாருக்கும் அதை வீட்டுத் தொட்டியில் வைத்து ரசிக்க மனசு வராது. அக்வேரியத்துக்கென்றே செய்த செராமிக் பாறை கிடைக்கிறது. மண் தொட்டி ஓடு கூட நல்ல பாறைதான், வண்ணம் பூசாததாக இருந்தால்.

குத்தும் வகைக்குக் குழாய் மட்டும் போதாது. சின்னது என்றாலும் மணல் 15 செ.மீ. ஆழமாவது வேண்டும், பெரியதற்கு இன்னும் அதிகம். நைசான மணலோடு கொஞ்சம் கரடான துகளும் கலந்திருந்தால்தான் சுவர் சரியாமல் நிற்கும்.

வெளியே கிடக்கிறது, வயிற்றுக்கால்கள் வேகமாக அடிக்கின்றன

இது அவசரம். மேன்டிஸுக்கு செவுள்கள் வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்புக் கால்களில்தான். சாதாரணமாக அவை நிதானமாக அலை அலையாக அசையும். வளையை விட்டு வெளியே வந்து, தண்ணீர் ஓட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துக் கிடந்து, அந்தக் கால்களைப் படபடவென்று அடித்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது.

தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி சாதாரணமாகத் தொடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மேன்டிஸுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடும். இரண்டு பக்கமும் இடி.

முதலில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். மேல்மட்டத்தைக் கலக்குகிற மாதிரி பம்பின் வாயைத் திருப்புங்கள். பாட்டிலில் ஆர்ஓ தண்ணீர் நிரப்பி உறையவைத்து, மூடி இறுக்கி, மிதக்க விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் உப்பு இறங்கிவிடும். அன்று தீனி கிடையாது.

நிரந்தர வழி என்று கேட்டால், ஃபேன் கொஞ்சம்தான் உதவும். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் ஆவியாதல் நன்றாக நடக்கும், கடலோர சென்னையில் ஈரம் அதிகம். பீகாக் வைத்திருப்பவர்கள், தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லருக்குப் பணம் ஒதுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். சில்லரை மூடிய அலமாரிக்குள் வைத்தால் அது கக்கும் சூடு மறுபடி தொட்டிக்கே வரும், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சில்லர் வாங்க முடியாதவர்கள், பகலிலும் ஏசி ஓடும் அறை இருந்தால் தொட்டியை அங்கே வைக்கலாம். இரண்டும் இல்லையென்றால் மேன்டிஸ் வாங்குவதைத் தள்ளிப் போடுவது அந்த உயிருக்குச் செய்யும் நன்மை. ஹீட்டர் சென்னைக்குத் தேவையே இல்லை. இருந்தால் கழற்றிவிடுங்கள், கண்ணாடி ஹீட்டரை அடித்து உடைத்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும். தொட்டி இருக்கும் லைனில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வெப்பம் சரியாக இருந்தும் மூச்சு முட்டுகிறது என்றால் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். தெரிந்தால், ஒத்த வெப்பமும் உப்பும் உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், மறுநாளும் அளந்து தேவைப்பட்டால் இன்னொருமுறை. தொட்டி வைத்து இரண்டு வாரத்திலேயே மேன்டிஸை விட்டிருந்தால் காரணம் அதுதான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

மின்வெட்டுக்கும் இதே அறிகுறிதான். 2016 வர்தா புயலிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த தெருக்கள் உண்டு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை அக்டோபர் பிறக்கும்போதே எடுத்துச் சோதித்து வையுங்கள். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, அப்புறம் போடுங்கள்.

திடீரென்று துள்ளுகிறது, புரள்கிறது, கால்கள் நடுங்குகின்றன

காலையில் நன்றாக இருந்தது, சாயங்காலம் மல்லாந்து கிடக்கிறது, தண்ணீர் அளவெல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் விஷம் என்று சந்தேகப்படுங்கள். கொசு நமக்கு வருஷம் முழுக்க உண்டு. கொசு லிக்விட், கொசுவர்த்திச் சுருள், கரப்பான் ஸ்ப்ரே இவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சிகளுக்கு எவ்வளவு விஷமோ அவ்வளவு ஓட்டுடலிகளுக்கும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

தொட்டி இருக்கும் அறையில் கொசு லிக்விட் வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தெருவில் கொசுப்புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, புகை அடங்கும் வரை ஏர் பம்பை நிறுத்துங்கள். தண்ணீர் சுழற்றும் பம்ப் ஓடட்டும். பட்டுவிட்டது என்று தெரிந்தால் பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். சீக்கிரம் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷம் செம்பு. மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கும். அது பாறையிலும் மணலிலும் ஊறித் தங்கிவிடும், மெல்லக் கசியும். பழைய தொட்டியும் பழைய பாறையும் மலிவாகக் கிடைத்தால், முன்பு மருந்து போட்டதுண்டா என்று கேட்டு, செம்புக்கான டெஸ்ட் கிட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கீசரிலிருந்தும் செம்புக் குழாயிலிருந்தும் வரும் தண்ணீரைத் தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தீனியை வாங்கிக்கொள்கிறது, உடனே வெளியே தள்ளிவிடுகிறது

தண்ணீரும் வளையும் சரி என்று உறுதியான பிறகுதான் இங்கே வர வேண்டும்.

சமையலறைப் பழக்கம் ஒன்றை முதலில் சொல்கிறேன். இறாலை வாங்கி வந்ததும் மஞ்சளும் உப்பும் போட்டு அலசுவோம். அலசியதிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேன்டிஸுக்குக் கொடுத்தால் அது முகர்ந்து பார்த்துத் தூக்கி எறியும். உணர்கொம்புகளில் மணம் அறியும் திறன் அதற்கு அதிகம். மஞ்சள் படுவதற்கு முன்னாலேயே அதன் பங்கை எடுத்து ஆர்ஓ தண்ணீரில் அலசி, தனியாக வையுங்கள். பாக்கெட்டில் வரும் உறைந்த இறாலில் ஈரம் தங்குவதற்காக பாஸ்பேட் சேர்த்திருக்கலாம். லேபிளைப் படித்து, சேர்க்காததாக வாங்குங்கள்.

பழைய தீனி என்றாலும் தள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் சந்தையில் பனிக்கட்டியில் நாள் கணக்கில் கிடந்த சரக்கும் வரும். மார்ச் கடைசியிலேயே புது இறால், கடம்பா, சின்ன நண்டு எல்லாவற்றையும் ஒருவேளைத் துண்டுகளாக வெட்டி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வீட்டில் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அடிக்கும் வகை நீண்ட நாள் மெத்தென்ற துண்டையே தின்று வந்தால் சலித்துக்கொள்ளும். ஓடுள்ளதைக் கொடுங்கள்: உயிருள்ள மட்டி, நத்தை, சங்கு நண்டு. நத்தையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். முதலில் உணர்கொம்பால் தட்டித் தடவும். இரண்டு கையாலும் தூக்கி, புரட்டி, வாய் எந்தப் பக்கம் என்று பார்க்கும். வளை வாசலில் கல்லோடு சேர்த்து அணைத்து வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் அடி, மறுபடி அடி. அறை முழுக்க டக், டக் என்று கேட்கும். ஓட்டின் ஓரம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சதையை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு வாசலில் ஓட்டுத் தூள் குவிந்து கிடக்கும்.

நன்னீர் நத்தையும் கொடுக்கலாம், ஆனால் உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் செத்துவிடும். ஒரு மணி நேரத்தில் எடுக்கவில்லை என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். தோட்டத்து நத்தை வேண்டாம், மருந்து பட்டிருக்கும். குத்தும் வகைக்கு மீன் கொடுப்பதானால் கோல்டு ஃபிஷ் வேண்டாம், மோலி நல்லது. மோலியை உப்புத் தண்ணீருக்கு மெல்லப் பழக்கிவிடலாம்.

எவ்வளவு? நன்றாக வளர்ந்த பீகாக்குக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வேளை போதும். தினம் கொடுத்தால் மிச்சத்தை வளைக்குள் கொண்டுபோய் ஒளித்துவைக்கும், அது அழுகி நைட்ரேட் ஏறும். தொட்டியைத் திறந்ததும் முட்டை நாற்றம் வந்தால் வளைக்குள் ஒளித்த தீனிதான் முதல் சந்தேகம்.

ஓட்டில் பழுப்பாகவோ கருப்பாகவோ குழி விழுகிறது

பீகாக் வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டிய அறிகுறி இது. அடிபட்ட தழும்பு ஒரே இடத்தில் நிற்கும், வழவழப்பாக இருக்கும். ஓட்டு அழுகல் அப்படியில்லை, ஓரம் அரித்துக்கொண்டு வால் விசிறி, முதுகு என்று பரவும், ஓடு சொரசொரப்பாகும்.

மருந்து ஊற்றிக் குணப்படுத்தும் நோயாக இதை நினைக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரும் அதிக வெளிச்சமும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. பெர்க்லியில் மேன்டிஸ் இறால்களை நெடுங்காலம் ஆராய்ந்த ராய் கால்ட்வெல், பீகாக்கை பவளத் தொட்டியின் பளீர் விளக்குக்குக் கீழ் வைக்கக் கூடாது என்றும் ஆழமான இருட்டு வளை வேண்டும் என்றும் வலியுறுத்தியவர். பவளம் வளர்க்கும் எல்இடி இருந்தால் மங்கவையுங்கள், அல்லது சாதாரண விளக்காக மாற்றுங்கள். வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றம், நைட்ரேட்டை 10 பிபிஎம்-க்குப் பக்கமாகக் கொண்டுவருதல், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம். நோய் ஓட்டோடு நின்றிருந்தால் அடுத்த உரித்தலில் ஓட்டோடு போய்விடும். சதைக்குள் இறங்கிவிட்டால் உரித்தலிலேயே உயிர் போகும். அதனால்தான் முதல் புள்ளியிலேயே பிடிக்க வேண்டும் என்கிறேன்.

ராத்திரி கண்ணாடியில் டக்கென்று சத்தம்

பெரும்பாலும் கல்லை உடைத்து வளையைப் பெரிதாக்கும் சத்தம்தான். கண்ணாடியில்தான் விழுகிறது என்றால், தன் பிம்பத்தைப் பார்த்து அடிக்கிறதா, வளையின் ஒரு முனை கண்ணாடியில் முடிகிறதா என்று பாருங்கள். முதலாவதுக்கு, மூன்று பக்கமும் வெளியே கருப்புத் தாள் ஒட்டி, அறை விளக்கை அணையுங்கள். இரண்டாவதுக்கு, வளையைக் கண்ணாடியிலிருந்து நகர்த்துங்கள். அடியில் மணலுக்குக் கீழே அக்ரிலிக் தகடு ஒன்று போடுவது பெரிய பீகாக்குக்குக் கட்டாயம். கண்ணாடி 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தொட்டி உடைவது அபூர்வம். ஆனால் சில்லு விழுந்த கண்ணாடியை அப்படியே விட்டுவைக்காதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

ஒரு முன்கால் காணவில்லை

பதற வேண்டாம், அடுத்தடுத்த உரித்தல்களில் மறுபடி முளைக்கும். அதுவரை ஓடில்லாத தீனியை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கூட விட்ட மீன் காணவில்லை

தின்றுவிட்டது. மேன்டிஸ் தொட்டியில் மேன்டிஸ் மட்டும்தான்.

வாய்க்கு அடியில் ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறது

பெண், முட்டை இட்டிருக்கிறது. அந்தக் கட்டியைக் கைகளில் வைத்து உருட்டி உருட்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். பொரியும் வரை தொந்தரவு செய்யாதீர்கள். குஞ்சுகள் மிதவை உயிரிகள், வீட்டுத் தொட்டியில் வளர்த்தெடுப்பது நடக்காத காரியம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் உயிரோடு வாங்கி வந்தது இரண்டு நாளில் சாகிறது

இழுவலையில் குப்பை மீனோடு சேர்ந்து வரும் சாம்பல் நிற மேன்டிஸ்கள் எல்லாம் சேற்றில் வாழும் குத்தும் வகை. பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும் சரக்கு. வலையில் டன் கணக்கான மீனுக்கு நடுவில் நசுங்கி, ஆழத்திலிருந்து சடாரென்று மேலே வந்து, டெக்கில் வெயிலில் கிடந்தவை. உள்காயம் வெளியே தெரியாது. ஆர்வத்தில் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டீர்கள் என்றால்: பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், கிழித்துவிடும், மூடியுள்ள டப்பாவும் பேட்டரி ஏர் பம்பும் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தொட்டித் தண்ணீரை டப்பாவுக்குள் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மணி நேரம் பழக்குங்கள். வலையால் பிடிக்காதீர்கள், முட்கள் சிக்கிக் கால் ஒடியும். டப்பாவையே தொட்டிக்குள் சாய்த்து அதுவாக வெளியேறவிடுங்கள். மணல் ஆழமாக, விளக்கு இல்லாமல், மூன்று பக்கமும் மூடி, தொட்டிக்கு மேல் கனமான மூடி போட்டு வையுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம். மறுநாள் ராத்திரி ஒரு சின்ன இறால் துண்டை இடுக்கியில் பிடித்து மணலுக்குப் பக்கத்தில் காட்டுங்கள். எடுக்காவிட்டால் அரை மணி நேரத்தில் துண்டை வெளியே எடுத்துவிட்டு, அம்மோனியாவை அளந்து பார்த்துவிட்டு, அடுத்த ராத்திரி மறுபடி காட்டுங்கள்.